உப்பை அள்ளிச் சொன்ன சொல்

கபடியில் எங்கள் அக்கா பாடிப் போனால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பின்வாங்கிப் பின்வாங்கியே கோட்டைத் தாண்டிவிடுவார்கள். சுனாமிக்கு அடுத்த வருஷம் அவள் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். அந்தக் கோடையில் வெளியூர் விளையாட்டு விடுதிக் கோச் ஒருவர் அவள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அப்பா உப்பு வாரிக்கொண்டிருந்த பாத்திக்கே தேடி வந்தார். பளபளக்கும் ஷூவோடு வரப்பில் தள்ளாடிய மனுஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"விடுதியில ஒரு இடம் உங்க பொண்ணுக்குத்தான். வேற யாருக்கும் சரின்னு சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து குவியலிலிருந்து ஒரு கை உப்பை அள்ளினார்.

அப்பாவின் முகமே மாறிவிட்டது. எங்கள் உப்பளத்து ஆட்களுக்கு, கையில் உப்பை வைத்துக்கொண்டு சொன்னால் அது சத்தியம். கல்யாணப் பேச்சைக்கூட அப்படித்தான் முடிப்பார்கள். அப்பாவும் ஒரு கை அள்ளி, "உப்பு மேல சொல்லிட்டீங்க சார். இனி எம்பொண்ணு உங்க டீம்தான்" என்றார். கோச் ஒரு கல்லை வாயில் போட்டு, "என்னா கரிப்பு!" என்று சிரித்தார். மீதியை உதறிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் விழுப்புரத்திலிருந்து இன்னொரு விடுதி டீச்சர் வந்தார். திங்கட்கிழமையே அக்காவைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தாள்.

"வாக்கு குடுத்தாச்சுங்க. மாத்திப் பேசிட்டு நாளைக்கு நான் எப்படிங்க உப்புல கைவைப்பேன்?" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார் அப்பா. அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகா, என்ன நேர்மை! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பள்ளிக்கூடம் திறந்தும் கோச் வரவில்லை. அப்பா பஸ் ஏறி அவர் விடுதிக்கே போனார். அக்காவுக்கென்று சொன்ன இடத்தில் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். டீச்சரின் விடுதியிலும் இடம் நிரம்பிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்கன்றாரு. கையில உப்பு இருந்துச்சேடி" என்றார். சாப்பிடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போய்ப் படுத்துக்கொண்டாள்.

தை மாதம் உப்பு வேலை தொடங்கியதும் அக்காவும் பாத்திக்குப் போனாள். சாயங்காலம் பிள்ளைகள் கோடு போட்டுவிட்டுக் கூப்பிட்டால், "கால் வெடிச்சிருக்குது, நீங்க ஆடுங்க" என்பாள். உப்புத் தண்ணீர் அரித்த பாதம் நிஜமாகவே வெடித்துத்தான் இருந்தது. நான் தினமும் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தேய்த்துவிடுவேன்.

"சரியாயிட்டா ஆட வருவியாக்கா?"

"வர்றேன்டி."

அவள் சொல்லிவிட்டாளே என்று, மறுநாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கூட்டித் தேய்த்தேன்.