மாடியறைக்கு வந்த மதுரைக்காரி

நம் நாடு வெளியிலிருந்து போர் விமானங்கள் வாங்கிய செய்தி வந்த அன்று, கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் தெருவுக்கே சாயா வாங்கிக் கொடுத்தார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். நானும் குடித்தேன். ஆயுதத்துக்குத் துறைமுகம் திறக்கிற நாடுகள், ஆயுதத்துக்குத் தப்பி வருகிறவர்களுக்குத் திறப்பதில்லை என்று முந்தைய வாரம்தான் ஒரு பத்திரிகையில் பொரிந்து தள்ளியிருந்தேன். சாயா இறங்க அது தடையாக இல்லை.

ஆள் குஷியில் இருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று, நான் சாப்பிடும் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கும் இலங்கை அம்மாளை அவரிடம் அழைத்துப் போனேன். போரின்போது படகேறி வந்து, தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் கிடந்தவர். குடியிருந்த அறையை இடிக்கப் போகிறார்கள். எங்கள் மாடியறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு மறுபடி முகாம்தான்.

"அகதியா? நாடு எத்தன பேரத்தான் தாங்கும் சாரே? வாங்கின பிளேனுக்காச்சும் பேப்பர் உண்டு. இவங்க கையில எந்தா உள்ளது?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கட வீட்டுக்கு மேல குண்டு போட்டதும் வாங்கின பிளேன்தான் ஐயா," என்றார் அம்மாள். "அதுக்கும் பேப்பர் இருந்திருக்கும்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நகைச்சுவை பிடித்தவர், என்னைக் கீழ்வீட்டில் வைத்திருப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. அறையும் தந்தார், ஒரு நிபந்தனையோடு: யார் கேட்டாலும் மதுரைக்காரி என்று சொல்ல வேண்டும். மதுரைப் பேச்சைக் கற்றுத் தருவது என் பொறுப்பு. மதுரையை நான் ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கற்றுக் கொடுத்தேன். தெருவும் நம்பியது.

பிறகு ஒரு காலையில் கடற்படை விமானங்கள் தாழப் பறந்தன. வேடிக்கை பார்க்கத் தெருவே எங்கள் மொட்டைமாடிக்கு ஓடியது. வழியில் மாடியறைக் கதவு திறந்திருந்தது. அம்மாள் கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

"மதுரக்காரி ஆராச்சும் பிளேன் கண்டா கட்டிலுக்கடியில போவாளா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொல்லென்று சிரித்தார்கள். நான் பாதி சிரித்த பிறகே நிறுத்தினேன்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "ஆளுக அறிஞ்சாச்சு சாரே. இனி பற்றாது, இங்க வச்சிருக்க முடியாது. நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க."

அம்மாள் புடவைத் தூசியைத் தட்டிவிட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். மேலே இன்னொரு விமானம் போனது, மாடியில் கைதட்டினார்கள். அது ஓயும்வரை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"களமசேரிப் பக்கம் ஒரு வீடு பாப்பமோ அண்ணை? அங்க பிளேன் வராதுதானே?"

"வராது," என்றேன். களமசேரியில் நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.