மாமா கை வைத்துப் பார்த்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் திரையைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நாலு கேள்வி கேட்பார்கள். என் மாமா கை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி, சாமி கும்பிடுகிறவர் போல நின்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் கடலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். அந்த ஒரு தாள் செய்த பாவத்துக்கு, சொந்தக்காரர்கள் வீட்டில் கால்குலேட்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், டி.வி.யில் புள்ளி விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆகவே அம்மாவின் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாப்பா கூட்டிகினு போவா" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது.

மாமா விருத்தாசலத்தில் ஒரு சிராமிக் கம்பெனியில் மண் அரைக்கும் மில்லைப் பார்த்துக்கொண்டவர். மில் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் இரும்பு உருளை. உள்ளே களிமண்ணும் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டு நாளெல்லாம் சுற்றவிடுவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்றவருக்குக் காது எத்தனை காலம் தாங்கும்? ரிடையரானபோது மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அது மணியடித்தால் மாமாவைத் தவிர தெருவில் எல்லாருக்கும் கேட்கும். காது மெஷினும் வாங்கி மாட்டிப் பார்த்தார். "எல்லாம் இரையுது, பேச்சத்தான் காணும்" என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி மஸ்கட் போய், அங்கே ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அக்கா முறை. வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். அத்தை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ம்... ம்... அப்புறம்? அதுக்கு அவரு இன்னா சொன்னாரு? நீ இன்னா சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே போவாள். மாமா எதிரில் நாற்காலியைப் போட்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போனை வைத்ததும், "இன்னா சொன்னா?" என்பார்.

"நல்லா இருக்காளாம். சாப்ட்டீங்களான்னு கேட்டா."

"அம்மாம் நேரம் பேசுனா, இதுதானா சொன்னா?"

"வேற இன்னா சொல்லுவா?"

ஒவ்வொரு வெள்ளியும் இதே கதை. ஒருநாள் அத்தையைத் தனியே பிடித்துக் கேட்டேன். "அங்க ஆயிரம் இருக்கும்மா. இவருகிட்ட சொன்னா சோறு தண்ணி எறங்காது, வூட்டையே சுத்திச் சுத்தி வருவாரு. அவஸ்தப்படறது நான்தான்" என்றாள். அத்தை சொன்னதும் நியாயம்தான். ஆனால் பெற்ற மகள் பேசுவது ஒரு வரியாகச் சுருங்கி வந்து சேர்ந்தால் எந்த அப்பாவுக்குத்தான் பொறுக்கும்?

இந்த வயதில் இவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில். அக்காவுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். கிளினிக் கம்ப்யூட்டரில் என்றால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். மாமா பத்தாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். மகள் சொல்வது நடுவில் யாரும் இல்லாமல் அவருக்கு நேரே வந்து சேர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாங்குவதற்குள் என் உயிரை எடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த கடையில் முதலில் கை வைத்தார். "ஆடுது. வேணாம்" என்றார்.

"உள்ள ஃபேன் சுத்துது மாமா. சூடாவாம இருக்கறதுக்கு" என்று அவர் முகத்துக்கு எதிரே நின்று உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னேன்.

"நல்ல மிஷினு ஆடாது."

மில்லில் அப்படித்தானாம். உருளையைத் தாங்கும் பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் கைக்குத்தான் தெரியுமாம். காது போன பிறகு அவர் எதையும் கையால்தான் விசாரித்தார். சரி, மில்லுக்கு அது பொருந்தும். கம்ப்யூட்டர் என்ன மண்ணா அரைக்கப்போகிறது? இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் மண்டையில் ஏறவில்லை.

நெய்வேலிக்குப் போனோம். ஆடியது. பாண்டியில் வரி குறைவு, கடைகளும் நிறைய என்று யாரோ சொல்ல, பாண்டிக்குப் போனோம். போகிற வழியில் பஸ் ஜன்னல் கம்பியில் கையை வைத்துவிட்டு, "இந்த வண்டி ரொம்ப நாளு ஓடாது" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டேன்.

பாண்டிக் கடையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த அத்தனை கம்ப்யூட்டரையும், காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் ஆடுது."

"ஆடாத கம்ப்யூட்டரு ஒலகத்துலயே கெடையாது மாமா" என்று கத்திவிட்டேன். அவருக்கு அது கேட்டதோ இல்லையோ, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அவர் பாட்டுக்கு வெளியே வந்து, எதிர் ஓட்டலில் நிதானமாகப் பரோட்டா சாப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்ததில் டீகூட இறங்கவில்லை.

கடைசியில் விருத்தாசலத்திலேயே, ஜங்ஷன் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் ஆடாத கம்ப்யூட்டர் கிடைத்தது. மூலையில் பார்வைக்கு வைத்திருந்த மெஷின் அது. மாமா கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இதாம்மா மிஷினு."

"சத்தமே வராதுங்க. ரொம்ப அமைதியான பீஸு" என்றார் கடைக்காரர் பெருமையாக. ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. தொல்லை விட்டது என்று தலையாட்டினேன்.

ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார் மாமா. போன் பக்கத்திலேயே மேசை போட்டு வைத்தோம். அத்தை பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். மாமா பெயரில் இமெயில் முகவரி ஒன்றை ஏற்கெனவே கடலூரில் உண்டாக்கி, அதை அக்காவுக்கும் சொல்லியாகிவிட்டது. இன்டர்நெட்டுக்கு டயல் செய்தபோது மோடம் போட்ட கூச்சலில் அத்தை, "ஐயோ, இன்னாத்துக்குக் கத்துது?" என்று பயந்துபோனாள். மாமா மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். லைன் கிடைப்பதற்குள் திரை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. கத்தரி வெயில் வேறு, பெட்டியைத் தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. அந்த வெள்ளிக்கிழமை போனில், "அப்பாவுக்கு மெயில் போட்டிருக்கனே, படிச்சாரா?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். அத்தை அதையும் சேர்த்து, "நல்லா இருக்காளாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். ஸ்விட்சைப் போட்டும் உள்ளே ஃபேன் அசையாமல் கிடந்தது. இறக்கைகளில் வெள்ளைத் தூசி அப்பியிருந்தது. எந்தக் காலத்தில் நின்றதோ தெரியவில்லை. ஊர் ஊராக அலைந்து, ஓடுகிற மெஷினையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஃபேன் செத்துப்போன ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்திருக்கிறார் மனிதர். ஆடவில்லையாம். எப்படி ஆடும்?

அவர் விரலைப் பிடித்து அந்த இறக்கையின் மேல் வைத்தேன். சுற்றிப் பார்த்தார். சிக்கியது. மறுபடி சுற்றிப் பார்த்தார்.

"பேரிங் போயிடுச்சி" என்றார், யார் வீட்டு மெஷினையோ பார்த்துச் சொல்கிற மாதிரி.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஃபேன் மாட்டிக் கொடுத்தார். வீட்டில் போட்டதும் மாமா கை வைத்தார். கஷாயம் குடித்தது போல் முகம் சுருங்கியது.

"ஆடுது."

"ஆடட்டும் மாமா" என்றேன்.

லைன் கிடைத்தது. அக்காவின் மெயிலைத் திறந்துவிட்டு, கீழே போக எந்த அம்புக்குறியைத் தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு, நான் தள்ளி நின்றுகொண்டேன். திரை நிறைய எழுத்து. அது முடிந்து கீழே போனால் இன்னொரு திரை. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டினார். பாதியில் அவர் உதடு நின்றுவிட்டது. கண் மட்டும் ஓடியது. முடித்துவிட்டு மேலே போய் முதலிலிருந்து படித்தார்.

அத்தை ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவர் தோளைத் தட்டி, "இன்னா எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காளாம். சாப்ட்டியான்னு கேக்குறா" என்றார் மாமா. எப்போதும் தெருவுக்கே கேட்கிற குரல், அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அத்தை திரையைப் பார்த்தாள். "அம்மாம் எழுத்து இருக்குது. இதுதானா எழுதியிருக்கா?"

"வேற இன்னா எழுதுவா?" என்று சொல்லிவிட்டு, மாமா அம்புக்குறியைத் தட்டி மறுபடியும் மேலே போனார்.