புள்ளிக் கல்லும் கேன்டீன் மேடையும்

எண்பதுகளில் ஓசூரில் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் ஜியாலஜிஸ்டாக இருந்தேன். முதலாளி முனிரத்தினம் வருகிறவர்களுக்கெல்லாம் என்னை "நம்ம எம்.எஸ்சி." என்று காட்டுவார், புதிதாக வாங்கிய கட்டிங் மெஷினைக் காட்டி முடித்த பிறகு.

1. பொங்கியது

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கல் பிளாக் வந்தது. அறுத்துப் பாலிஷ் போட்டால், கறுப்பில் உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளிகள். அப்போது ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குச் சாப்பாட்டு மேடை போடும் ஆர்டர் கையில் இருந்தது. எங்கள் முதல் பெரிய ஆர்டர். அது நன்றாக அமைந்தால் மற்ற தொழிற்சாலைகளும் வரும். முதலாளி இந்தக் கல்லையே போடுவதென்று முடிவு செய்தார்.

நான் தடுத்தேன். என் முறைப்படி தடுத்தேன். அதாவது அரை மணி நேரம் பேசினேன். மாக்மா, அதாவது உருகிய பாறை, மேலேறி ஆறும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு வகைக் கார்பனேட் தனித் திரவமாகப் பிரியும்; அப்புறம் இரண்டும் கலக்காது. பிரிந்த துளிகள் ஒன்றுசேர்ந்து விலகிப்போய் உறைந்தால் கார்பனடைட் என்ற தனிப் பாறை. சேர முடியாமல் அங்கேயே உறைந்தால் இந்தப் புள்ளிகள். குழம்பில் எண்ணெய் பிரிந்து மிதக்கிற மாதிரி என்று எளிமையும் செய்தேன்.

"அப்ப கேன்டீனுக்குப் பொருத்தந்தான், போட்றலாம்" என்றார்.

கடைசி அஸ்திரமாகப் புள்ளியில் ஆசிட் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. முதலாளி அசந்துபோய், அக்கவுண்டன்டையும் கூப்பிட்டு, இன்னொரு சொட்டு விடச் சொன்னார். மறுநாள் ஸ்லாப்புகள் லாரியில் ஏறின.

2. குழிந்தது

சில மாதங்களில் கேன்டீன் கான்ட்ராக்டர் காதர் பாய் வந்து நின்றார். எலுமிச்சை சாதமும் ரசமும் மோரும் சிந்திய இடமெல்லாம் புள்ளிகள் கரைந்து குழிகளாகிவிட்டன. குழிக்குள் பருக்கை புளிக்கிறது. தொழிலாளர்கள் தட்டை வைக்க மறுக்கிறார்கள்.

"நான் போடற சோத்த, ஆளுங்களுக்கு முன்னாடி உங்க கல்லு திங்குதுங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் சார். ஆசிட் விட்டுக்கூடக் காட்டினேன்."

"பூமிக்கடியில என்ன ஆச்சுன்னு சொன்ன. எலுமிச்சம்பழம் பட்டா என்ன ஆவும்னு சொன்னியா?"

மேடையைப் பெயர்த்து, எங்கள் செலவிலேயே வேறு கல் போட்டோம். மற்ற தொழிற்சாலைகள் வரவில்லை. குழி விழுந்த ஸ்லாப்புகளை முதலாளி பெங்களூரில் 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று விற்றுவிட்டார்.

இளைய ஜியாலஜிஸ்டுகளே, ரிப்போர்ட்டை ரசத்தில் தொடங்குங்கள். மாக்மாவைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். அங்கே அது பத்திரமாக இருக்கும், யாரும் தொடமாட்டார்கள்.