அடுத்த வருஷம் போகிற ஆப்சார்

ஹைல் கடைத்தெருவில் நூருல் ஆப்சாரின் சலூனும் என் தையல் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அந்தப் பக்கம் அவர் கத்தரி போட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். வாய் திறந்தாலும் கேட்கும். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் அதிகம் கேட்டது ஒரே வாக்கியம்தான்: "அடுத்த வருஷம் மொத்தமா ஊருக்குப் போயிடுவேன், இன்ஷா அல்லாஹ்."

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிட்டகாங்கிலிருந்து ஓமனுக்கு வந்த நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். நாற்காலியில் உட்கார்ந்த ஊர்க்காரர் பேச்சுக்கு, "ஊருக்கு எப்போ?" என்று கேட்பார். வேறென்ன சொல்வது? பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவன், இங்கேயே கிடக்கப் போகிறேன் என்றால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். அவர் மரியாதைக்குக் கேட்கிறார், நாம் மரியாதைக்குச் சொல்கிறோம், அதோடு விஷயம் முடிந்தது. கேட்டவர் தாடியை ஒதுக்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த மாதம் வந்து மறுபடி கேட்பார்.

ஆனால் ஆப்சாரின் அர்பாப், சலூன் யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பெரியவர் சாலிம், அதை நம்பித் தொலைத்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

போன குளிர்காலத்தில் சாலிம் காலமானார். மகன் ஹிலாலுக்கு மஸ்கட்டில் உத்தியோகம். பேரீச்சை பழுக்கும் வெயிலில், காற்று அடுப்பு மூச்சு விடுவது போல அடிக்கிற மாதத்தில், ஹைலுக்கு வந்தவன் நேராக சலூனுக்குள் நுழைந்தான். சின்னப் பிள்ளையிலிருந்து ஆப்சார் முடிவெட்டிய தலை அது. நானும் தேநீர்க் கோப்பையோடு எழுந்து போனேன்.

"ஆப்சார், அப்பா கடைசியா உங்களப் பத்திதான் சொன்னாரு," என்றான். "'அந்த மனுஷன் வருஷா வருஷம் போறேன் போறேன்னு சொல்றான், நான்தான் என் வசதிக்கு இங்கயே பிடிச்சு வச்சுட்டேன். அவன நல்லபடியா ஊருக்கு அனுப்பிடு'ன்னாரு. கடையை மூடிடலாம். உங்களுக்கு டிக்கெட்டும் எடுத்துட்டேன். இந்த மாசக் கடைசி."

ஆப்சார் என்ன செய்திருக்க வேண்டும்? வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும். அவரோ நெஞ்சில் கை வைத்து, "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் அர்பாப்," என்றார். ஹிலால் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேநீரில் தோய்த்த எங்கள் ஊர் பேலா பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

அவன் போனதும் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அண்ணனைப் பொத்தா என்போம். "பொத்தா, ஊருக்குப் போக ஆசையா உங்களுக்கு?"

"ஆசையில்லாமலா?"

"என்கிட்டயே கதை விடாதீங்க."

துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். பிறகு சொன்னார்: "லீவுல போறேன்ல, அங்க எனக்குன்னு தனியா புதுத் தட்டு எடுத்து வைப்பாங்க. பீங்கான் தட்டு. மத்தவங்க எல்லாம் பழைய தட்டுல சாப்பிடுவாங்க. விருந்தாளிதானே நான்? ரெண்டாவது வாரமே, 'எப்போ கிளம்புறீங்க'ன்னு பக்கத்து வீட்டுக்காரன் கேப்பான். இங்க வந்து கதவத் திறந்து, வாசப்படியில தண்ணி தெளிச்சாத்தான் ஆலம் தம்பி, எனக்கு மூச்சே வருது."

"இத ஹிலால்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? பெத்த பிள்ளைங்ககிட்டப் போக மாட்டேங்கிறான்னு நெனைக்க மாட்டாங்களா? தில்வாரா காதுக்குப் போனா?"

தில்வாரா அவர் மனைவி. டிக்கெட் விஷயத்தை அவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். "அப்படியா, நல்லது," என்றாளாம். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று இவராக முடிவு கட்டிக்கொண்டார்.

அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. காலையில் வழக்கம் போல வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார், வெயில் ஏறினால் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது என்று. மதியம் கடையைச் சாத்தி, பின்கதவை இறுக்கி மூடிக் கருவாடு வறுப்பார், மணம் தெருவுக்குப் போனால் மசூதியில் பாங்கு சொல்கிற முக்ரி சண்டைக்கு வருவார் என்று. பிறகு வறுத்ததைச் சாப்பிடாமல் என்னிடம் தள்ளுவார். வருகிறவர்கள் எல்லோரும் கைகுலுக்கி, "மப்ரூக், கடைசியில போறீங்க!" என்று வாழ்த்தினார்கள். இவரும் பல்லைக் காட்டினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழமை ஹிலால் வீட்டு மஜ்லிசுக்குப் போறோம். காப்பி குடுப்பாங்க. குடிக்காம கோப்பையைத் தரையில வைங்க. வச்சா என்ன அர்த்தம்னு தெரியும்ல?"

தெரியாமல் என்ன? இந்தப் பாலைவனத்தில் விருந்தாளி காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்று பொருள். காரியத்தை முடித்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை குடிக்க மாட்டான். சொன்னபின் வீட்டுக்காரர் பின்வாங்கவும் முடியாது.

"நம்மளப் போல ஆளு அப்படி வைக்கலாமா?" என்றார் ஆப்சார்.

"கோப்பைக்கு ஆள் தெரியாது பொத்தா. வைங்க."

ஜும்ஆ தொழுகை முடிந்து போனோம். ஹிலால், அவன் சிற்றப்பா ஹமூத், இன்னும் சில உறவினர்கள் மஜ்லிசில், விருந்தினர் கூடத்தில், சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். எங்களையும் கம்பளத்தில் உட்கார வைத்தார்கள். புதுப் பேரீச்சை வந்தது, அதன் பிறகு காப்பி. ஆப்சார் கோப்பையை வாங்கினார், என்னைப் பார்த்தார், மடமடவென்று குடித்துவிட்டார்.

போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டித் தரவேண்டும். பதற்றத்தில் அதையும் மறந்தார். மறுபடி ஊற்றினார்கள், மறுபடி குடித்தார். மூன்றாவது தடவை நான் அவர் தொடையில் கிள்ளினேன். அதற்கும் குடித்தார். தாகத்துக்கு வந்த மனுஷன் போல இருந்தது.

"ஆப்சாருக்கு எங்க வீட்டுக் காப்பியை விட்டுப் போக மனசில்ல போலிருக்கு!" என்றார் ஹமூத். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்காவது கோப்பை வந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தார். கொஞ்சம் கம்பளத்தில் சிந்தியது.

சிரிப்பு நின்றுவிட்டது. ஹமூத் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹிலாலின் முகம் மாறியது. இத்தனை பெரியவர்கள் முன்னால் அவன் வேறென்ன சொல்ல முடியும்?

"காப்பியக் குடிங்க ஆப்சார். நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்கங்க. என்ன வேணும்?"

ஆப்சார் ஒரு வாரமாக அரபியில் ஒரு நீள வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். கடையின் வரலாறு, காலமானவருக்கு துஆ, எல்லாம் அதில் உண்டு. ஒன்றும் வரவில்லை.

"டிக்கெட் வேண்டாம்," என்றார்.

"தேதிய மாத்தணுமா?"

"இல்ல. நான் போகல. எனக்குப் போக வேண்டாம்."

"வருஷா வருஷம் போறேன்னு சொன்னீங்களே!"

"எல்லாரும் சொல்றதுதான் அர்பாப். சும்மா சொல்றது. எனக்கு இங்கயே இருக்கணும். உங்க அப்பா என்னப் பிடிச்சு வைக்கல. நான்தான் அவரப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஹிலால் நீளமாக மூச்சு விட்டான். "எங்கப்பா சாகறப்ப அதுக்காக அழுதாரு, தெரியுமா? உங்க வாழ்க்கையத் தின்னுட்டேன்னு," என்றான். எழுந்து வந்து கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "குடிங்க. கடை உங்களுக்கு. உயிரோட இருக்கறப்பவே இத அவர்கிட்டச் சொல்லியிருக்கலாம் நீங்க."

கடைக்குத் திரும்பும் வழியில் செருப்புக்கு அடியில் தார் இளகிக்கொண்டிருந்தது. ஆப்சாருக்கு அது உறைக்கவே இல்லை. குளிர்காலத்தில் நடக்கிறவர் போல நடந்தார். நானும் நிம்மதியாக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடைக்குள் நுழைந்து ஏசியைப் போட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தார். தனியாகப் பேசத் தைரியமில்லை, என்னையும் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார்.

"தில்வாரா, நான் வரல."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. "ஏன்? அர்பாப் விடலயா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். "அவரு அனுப்பத்தான் பாத்தாரு," என்றார் ஆப்சார். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பாடா," என்றாள் தில்வாரா.

ஆப்சார் ஃபோனைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவசரமாக. "நீங்க வந்து நாள் பூரா வீட்ல உக்காந்தா நான் எங்க போய் உக்காருவேன்னு ஒரே பயம். தூக்கமே இல்ல எனக்கு. லீவுக்கு வாங்க. லீவுக்கு வந்தா நல்லா இருக்கும்."

"வரேன், லீவுக்கு வரேன்," என்று சிரித்தார் ஆப்சார். உண்மையாகவே சிரித்தார். இருவரும் பிள்ளைகளின் பரீட்சை, ஒழுகுகிற கூரை என்று வெகுநேரம் பேசினார்கள். அவர்கள் அவ்வளவு இலகுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஃபோனை வைத்துவிட்டு என் கழுத்தில் துணியைக் கட்டினார். கத்தரியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"அவளும் பயந்துக்கிட்டுதான் இருந்திருக்கா ஆலம்," என்றார். "எத்தன வருஷமா இருக்கும்?"

நானும் மனதுக்குள் வருஷங்களை எண்ணினேன். எனக்கும் ஊரில் ஒருத்தி இருக்கிறாள்.