முதல் மிடறு

வானமாமலை இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறர் கிண்ணங்களில் ஒயின் ஊற்றினார். அத்தனை ஆண்டுகளில் அதன் ஒரு சொட்டுகூட அவர் நாக்கில் பட்டதில்லை. நண்பர்கள் யாருக்கும் இது தெரியாது. அவரும் சொன்னதில்லை.

அவரும் கணேசபாண்டியனும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் பம்பாய்க்கு வந்தவர்கள். கணேசபாண்டியன் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கூலியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்து, ஆட்களை அதட்டி வேலை வாங்கும் நிலைக்கு உயர்ந்தார். வானமாமலைக்கு மலபார் ஹில்லில், பிரெஞ்சுக் கப்பல் கம்பெனி ஒன்றின் முகவரான லெரூ துரையின் பங்களாவில் இடம் கிடைத்தது. முதலில் தட்டுக் கழுவினார். பிறகு மேசை விரித்தார். கடைசியில் வெள்ளைக் கையுறை அணிந்து பரிமாறும் பட்லர் ஆனார். அந்தப் பதவியைக் கணேசபாண்டியன் வசைப்பெயராக்கிவிட்டார்.

"என்ன வே பட்லரு, இன்னைக்கு எத்தன எச்சித்தட்டு எடுத்தீரு?" என்று அவர் கேட்காத ஞாயிற்றுக்கிழமை அரிது.

அந்தக் கேள்விக்கு வானமாமலை சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று இருந்தது: துரையின் ஒயின். ஈர மண்ணின் மணம், காய்ந்த ரோஜா இதழ், அடியில் லேசாகப் புகையிலை என்று அவர் அதன் ருசியை விரித்துச் சொல்லும்போது கணேசபாண்டியன்கூட வாயை மூடிக்கொண்டு கேட்பார். அவை யாவும் துரை தம் விருந்தினர்களிடம் சொன்ன சொற்கள். திறக்காத பாட்டில் துரையுடையது. கிண்ணத்தில் மிஞ்சியது எச்சில். எச்சிலை எடுத்துக் கழுவ அவர் கை கூசவில்லை. அதை வாயில் வைக்க அவர் வளர்ந்த வீடு விடவில்லை. எனவே ருசி முழுவதும் அவருக்குக் காதுவழியாகவே வந்து சேர்ந்திருந்தது.

அறுபத்தொன்றில் லெரூ துரை ஊர் திரும்பியபோது, முப்பத்துநான்காம் ஆண்டில் பிழிந்த சரக்கில் இரண்டு பாட்டில்களை வானமாமலையின் கையில் கொடுத்தார். படுக்கவைக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது, ஆட்டக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். மதுவிலக்குக் காலமாதலால் வானமாமலை அவற்றைப் பாயில் சுருட்டித் தாராவிக்குக் கொண்டுவந்து, தகரக் கூரைக்கு அடியிலிருந்த பரணில், கோணிக்குள் படுக்கவைத்தார். வெப்பம் பற்றித் துரை எதுவும் சொல்லவில்லை. பங்களாவின் நிலவறை எப்போதும் குளிர்ந்தே இருந்ததால் அதைச் சொல்லத் தேவை நேரவில்லை.

ஐந்து கோடைகள் கழிந்தன. இடையில் சட்டம் தளர்ந்து, நடுவயதைக் கடந்தவர்கள் உடல்நலத்தைக் காரணம் காட்டி, மது அருந்தப் பெர்மிட் வாங்கலாம் என்றாயிற்று. வானமாமலை வாங்கினார். கணேசபாண்டியனிடமும், ரயில்வே பட்டறை ஃபிட்டர் நெல்லையப்பனிடமும் ஏற்கெனவே இருந்தது. நண்பர்களில் நான்காமவரான ஷேக் பரீத், மேலப்பாளையத்துக்காரர், குடிப்பதில்லை. ஆயினும் அவர் இல்லாமல் மற்ற மூவரும் எங்கும் கூடியதில்லை. தோபி தலாவ் பக்கம் பெர்மிட் அறை உள்ள ஓர் உணவகத்தில் அந்தப் பாட்டில்களோடு விருந்து என்று முடிவாயிற்று.

மனைவி கோமதியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "நாலு பேருக்கு நம்ம வீட்டுல ஆக்கிப் போட மாட்டனா? எதுக்கு அம்புட்டு தூரம்?"

"வீட்டுலன்னா நீ பரிமாறுவ. அங்க எனக்கு வேற ஒருத்தன் பரிமாறுவான். அத அவன் பாக்கணும்."

அவன் என்றது கணேசபாண்டியனை என்று கோமதியம்மாளுக்குத் தெரியும்.

அறுபத்தாறு டிசம்பரில், ஒரு சனிக்கிழமை மாலை, நால்வரும் வெள்ளை விரிப்புப் போட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பரிமாறியவர் மென்டிஸ் என்ற கோவாக்காரர். பெரிய விருந்துகளின்போது துரையின் பங்களாவுக்குக் கூடுதல் ஆளாக வந்து, வானமாமலையின் அதட்டலுக்குக் கீழே வேலை பார்த்தவர். அன்று அவர் "குட் ஈவினிங், சாப்" என்று நாற்காலியை இழுத்துவிட்டபோது, வானமாமலை கணேசபாண்டியனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நம்ம பட்லருக்கே ஒரு பட்லரு" என்றார் கணேசபாண்டியன். சொன்ன விதத்தில் ஏளனம் கொஞ்சம் குறைந்திருந்தது.

மென்டிஸ் கார்க்கை உருவி, மூக்கருகே ஒரு கணம் வைத்து எடுத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வானமாமலையின் கிண்ணத்தில் மட்டும் ஒரு விரற்கடை ஊற்றிவிட்டு, பாட்டிலைத் துணியால் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். துரை வீட்டு மேசைகளின் முறை அது: அழைத்தவர் முதலில் சுவைத்து, சரக்கு நன்று என்று தலையாட்ட வேண்டும், அதன் பிறகே விருந்தினருக்கு. மென்டிஸ் நின்ற இடத்தில் வானமாமலை எத்தனையோ இரவுகள் நின்றிருக்கிறார். உட்கார்ந்திருப்பது இதுவே முதல் முறை.

கிண்ணத்தைச் சுழற்றினார். துரையைப் போலவே கண்ணை மூடி முகர்ந்தார். ஒரு மிடறு எடுத்து வாயில் நிறுத்தினார்.

புளிப்பு அடிநாக்கைக் கவ்வியது. பின்னால், தோல் ஊறும் மரப்பட்டைத் தண்ணீரின் வாடையைப் போல ஒரு துவர்ப்பு. ஈர மண்ணுக்குக் காத்திருந்தார். ரோஜா இதழுக்குக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இது கெட்டுப்போனதா, அல்லது உலகம் கொண்டாடும் ருசியே இதுதானா? ஒப்பிட்டுப் பார்க்க அவர் நாக்கிடம் வேறொரு மிடறு இல்லை.

"என்ன வே இது?" கணேசபாண்டியனின் குரல் உயர்ந்தது. "விருந்துக்குக் கூப்புட்டுட்டு நீரு மொதல்ல குடிக்கீரு?"

"இங்க அதான் முறை வே."

"எந்த ஊரு முறை? நம்ம பக்கத்துல விருந்தாளி கைநனைச்ச பெறகுதான் வீட்டுக்காரன் வாய வைப்பான். நீரு வாய வச்ச மிச்சந்தான் எங்களுக்கா?"

"அவருக்குத் தனிக் கிளாஸ்தான, விடும்" என்றார் நெல்லையப்பன்.

"கிளாஸ் வேற. பாட்டில் ஒண்ணுல்லா? எச்சி எடுத்த கை, இப்ப எச்சி குடுத்துப் பழகுது."

பக்கத்து மேசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மென்டிஸ் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது வானமாமலைக்கு. தலையாட்டினார்.

குடிக்கிற மூவரின் கிண்ணங்களும் நிரம்பின. கணேசபாண்டியன் அண்ணாந்து, உதடு படாமல், மோர் குடிப்பதுபோல் மொத்தத்தையும் தொண்டைக்குள் ஊற்றினார். புரையேறி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மெதுவா வே. உதட்ட வச்சி, கொஞ்சங் கொஞ்சமா..."

"எதுக்கு? இது காடியில்லா வே. ஊறுகாய்க்கு ஊத்துத காடி."

நெல்லையப்பன் சர்க்கரையும் சோடாவும் வரவழைத்தார். முப்பத்துநான்காம் ஆண்டு ஒயினில் சர்க்கரை கரைவதை வானமாமலை பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் கலக்கிக் குடித்துவிட்டு, "இப்பவும் அப்படித்தான் கெடக்கு" என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

கணேசபாண்டியன் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "வெள்ளக்காரன் கெட்டுப்போனத உம்ம தலையில கட்டிட்டுக் கப்பலேறிட்டான். நீரு என்ன செய்வீரு, பாவம்."

இத்தனை ஆண்டு வசவையும் தாங்கிய வானமாமலைக்கு அந்தப் 'பாவம்' தாங்கவில்லை.

எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்த ஷேக் பரீத் மெல்லக் கேட்டார்: "வானமாமல, குடிச்சவரு நீருதான். நீரே சொல்லும். இது கெட்டதா, இல்ல இதோட ருசியே இதானா?"

தெரியாது என்பதே உண்மை. அதைச் சொன்னால் இருபது ஆண்டுக் கதையும் போய்விடும்.

"இதான் ருசி" என்றார். "பழகணும்."

சொன்னதை நிறுவுவதற்காகத் தம் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு பாட்டிலில் மிஞ்சியிருந்ததையும் கிண்ணம் கிண்ணமாக ஊற்றி, முகம் சுளிக்காமல் குடித்துத் தீர்த்தார். மற்ற மூவரும் கட்லெட் தின்றபடி அதைப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டிலைத் திறக்கட்டுமா என்று மென்டிஸ் கேட்டதற்குக் கணேசபாண்டியன்தான், "நஹி, நஹி" என்று கையை ஆட்டினார்.

அவர்கள் பஸ் பிடிக்கப் போன பிறகு வானமாமலை மென்டிஸிடம் திரும்பி வந்தார். கார்க்கை முகர்ந்தபோதே தெரிந்ததா என்று கேட்டார்.

"மாலூம் தா, சாப். கர்மி மே கராப் ஹோகயா." வெப்பத்தில் கெட்டுவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சாப் நே சிர் ஹிலாயா. பிர் மேரே கோ க்யா போல்னே கா?"

எசமான் தலையாட்டிய பின் பரிமாறுகிறவன் பேசுவதற்கு ஒன்றுமில்லை. மென்டிஸுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரே வானமாமலைதான்.

மறுநாள் நண்பர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்: சரக்கு நல்லது, கெடுத்தது என் பரண் என்று. ஆனால் அதுதான் ருசி என்று சாதித்துக் குடித்துக் காட்டிய வாயால் அதை எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் நண்பர்களிடம் எந்த ருசியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது பாட்டிலைக் கோமதியம்மாள் பித்தளைப் பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டார். பாத்திரங்கள் பளிச்சென்று துலங்கின.

அறுபத்தெட்டில் கணேசபாண்டியன் மாட்டுங்காவில் மண்டபம் பிடித்து மகளுக்குக் கல்யாணம் செய்தார். பத்திரிகை வைக்க அவரே வீடு தேடி வந்தார். தாம்பூலத் தட்டை இரு கையாலும் நீட்டிவிட்டு, "பந்திய நீருதான் பாத்துக்கிடணும் வே. அதுல உம்ம விட்டா நமக்கு யாரு இருக்கா?" என்றார். அவர் அதை மரியாதையாகவே சொன்னார். வானமாமலையும் சரி என்றார்.

பந்தியில் ஓர் இலையிலும் குறையில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் வியந்தார்கள். முதல் பந்தியில் ஷேக் பரீத்துக்கும் நெல்லையப்பனுக்கும் நடுவே வானமாமலைக்கு ஓர் இலை பிடித்து வைத்ததாகவும், வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டதாகவும் பின்னால் சொன்னார்கள். அது உண்மையா என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.