வெளிச்சம் அடித்துப் பார்த்த வயல்கள்

பயிருக்குப் பசிக்கிறதா என்று பார்த்து, பசித்தால் மட்டும் யூரியா போடச் சொல்வது என் தொழில். ஒரு கம்பின் நுனியில் சின்னப் பெட்டி. அது இலைமேல் வெளிச்சத்தை அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். பச்சை கூடினால் எண்ணும் கூடும். சேற்றில் செருப்பைத் தொலைத்து, நடுவயலில் பேட்டரி தீர்ந்து, "இதுல பாட்டு கேட்குமா?" என்பதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னவரா நீங்கள்? அப்படியானால் நம் ஆள்தான், வாருங்கள்.

மஞ்சள் புடவை

சமயபுரம் சாலையோரம் ஒரு வயலில் நான் அளந்துகொண்டிருந்தபோது, கோயிலுக்கு நடந்து போகும் பெண்கள் சிலர் நின்றார்கள். பூமிக்குள் என்ன தேடுகிறாய் என்று கேட்டார்கள். பயிரின் பசியைப் பார்க்கிறேன் என்றேன். உறையூரிலிருந்து நடந்து வந்த அம்மா ஒருவர், தன்மேலும் ஒருதரம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மஞ்சள் புடவைக்கு எண் ஏறவே இல்லை, பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. எட்டிப் பார்த்தவர் சிரிக்காமல் சொன்னார்: "சரியாத்தாங்க சொல்லுது. காலையிலேருந்து பச்சைத் தண்ணிதான்."

ஆடு படுத்த இடம்

ஜமால் பாய் திருச்சிக் கடைவீதிக்காரர். சவுதியிலிருந்து திரும்பி வந்து துறையூர்ப் பக்கம் நிலம் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். வயலின் நடுவே போனதும் எண் சட்டென்று ஏறியது. நாலடி பின்னால் வந்தால் இறங்கியது. கருவிக்குத்தான் கோளாறு என்று அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் ஏறியது. ஏறிய இடங்களில் எல்லாம் குச்சி நட்டுக்கொண்டே போனோம். நட்டு முடித்துப் பார்த்தால் அளந்து கட்டியது போல ஒரு சதுரம். கண்ணுக்கு என்னவோ சதுரத்தின் உள்ளேயும் வெளியேயும் ஒரே பச்சைதான்.

பாய் குந்தி உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. போன கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் அங்கே வலை கட்டி, எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். அதற்குப் பிறகு மழை பெய்து, உழுது, விதைத்தாகிவிட்டது. அந்தச் சதுரத்துக்கு மட்டும் யூரியா வேண்டாம் என்றேன். அவர் அதன் நடுவே போய் நின்று, குரலைத் தணித்துச் சொன்னார்: "ஆடு எழுந்து போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. அது படுத்த இடம் இன்னும் எழுந்திருக்கலையே. சுப்ஹானல்லாஹ்."

வெளுத்த பட்டை

செல்விக்கு லால்குடி பக்கம் குத்தகை நிலம். கணவர் சிங்கப்பூரில். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வயலின் ஓரத்தில் ஒரு பட்டைக்கு மட்டும் ஆரம்பத்திலேயே முழு உரமும் போட்டுவைப்போம். அவர் நெல் வெளுக்கத் தொடங்கியதும் கூப்பிட்டார். போய் அளந்தால் வயலிலும் எண் குறைவு, அந்தப் பட்டையிலும் அதே குறைவு. நிறைய உரம் போட்ட இடமும் வெளுத்திருந்தால் குறை யூரியாவில் இல்லை. யூரியா வேண்டாம், தண்ணீரை வடித்துவிட்டு இலையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றேன். என் கணக்கு தப்பினால் போவது அவருடைய ஒரு போகம்.

அவர் மைத்துனர் அதற்குள் மூட்டையை வரப்புக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு பெட்டியின் பேச்சைக் கேட்டுப் பயிரைச் சாகவிடுவதா என்று கோபப்பட்டார். செல்வி ஆளை விட்டு மூட்டையைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிப்போக வைத்தார். பரிசோதனையில் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, குறை என்று வந்தது. அதைப் போட்டார். அடுத்த முறை நான் போனபோது புது இலைகள் பச்சையாக எழும்பியிருந்தன. மைத்துனர் அவ்வளவு சொல்லியும் என் கருவியை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். "உங்க மிஷினை நான் நம்பலைங்க மேடம். வயிறு நிறையச் சோறு போட்ட பிள்ளையும் சுருண்டு கிடந்தா, அது பசி இல்லைன்னு தெரியாதா?"

நாழியாகும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா, பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளிடக் கரையில் அவருக்குக் கொஞ்சம் நெல். யூரியா போட்ட சில நாளில், பயிர் அப்படியே இருக்கிறதே என்று கவலையோடு என்னை அழைத்துப் போனார். எனக்கும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கருவியைப் பிடித்தேன். யூரியா போடும் முன் நான் அளந்ததைவிட எண் தெளிவாக ஏறியிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், கைகூப்பினார். யாரைக் கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் ஏறும்போது அவராகவே சொன்னார்: "அது அப்பவே சாப்டுடுத்தும்மா. சாப்ட திருப்தி முகத்துல தெரியறதுக்குத்தான் நாழியாறது."

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து, எந்தப் பச்சை சாப்பிட்ட பச்சை, எந்தப் பச்சை பட்டினிப் பச்சை என்ற யோசனையில், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் எனக்குத் தூக்கம் மட்டும் கிடைப்பதில்லை.