குட்டை இறகுக்கு ஓர் ஆண்

இது புது இனம் என்று எனக்குத் தோன்றியபோது கல்லூரி ஆய்வகத்தில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டு நுண்ணோக்கியில் குனிந்திருந்தேன். குடவாசல் பக்கம் இரண்டு வயல்களில் பிடித்த தத்துப்பூச்சிகள். நெல்லைக் கருக்கும் புகையானுக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி இருந்தன. ஒரு வயலில் பிடித்தவற்றுக்கு இறகு உடலைத் தாண்டி நீண்டிருந்தது. மற்ற வயலில் பிடித்தவற்றுக்குப் பாதி முதுகோடு நின்றுவிட்டது. நீள இறகு நூல்களில் இருக்கிறது. குட்டை இறகு எங்கும் இல்லை. சோறு அப்படியே காய்ந்துபோயிற்று.

மறுநாளே புது இனத்துக்கான வர்ணனை எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் மீன் படித்தவர். ஆனாலும் முதல் கேள்வியிலேயே பிடித்துவிட்டார்.

"ஆண் எங்கேப்பா?"

இந்தப் பூச்சிகளில் இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் உறுப்பு வடிவம். என் குட்டை இறகுக் குப்பியில் அத்தனையும் பெண்.

"சரி, ரெண்டையும் ஒரே மாதிரிதானே புடிச்சே?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது.

குட்டை இறகு இளம்பயிரில் கிடைத்தது. சேற்றில் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீரை ஒட்டி இருந்தவற்றை எடுத்தேன். நீள இறகு கிடைத்த வயலிலோ கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலித் தகராறு. மிராசுதாரோடு பேச்சு முடியும்வரை யாரும் உள்ளே கால் வைப்பதில்லை என்று ஆட்கள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். வரப்பில் செங்கொடி, பக்கத்தில் காவலுக்கு ஓர் அம்மா. என் வலையைப் பார்த்ததும் சிரித்தார்.

"பூச்சி புடிக்க வந்தீங்களா தம்பி, ஆள் புடிக்க வந்தீங்களா?"

"பூச்சிதாங்க."

"அப்ப வரப்புல நின்னே புடிங்க. உள்ள எறங்கினா அறுக்க ஆள் வந்துட்டான்னு ஊரே கூடிடும். அப்பறம் ஒங்களத்தான் புட்டியில போடணும்."

வரப்பில் நின்று கதிர்மேல் வலையை வீசினேன். மேலே பறப்பதுதானே வலையில் விழும்? குட்டைகள் அங்கேயும் அடித்தூரில் இருந்திருக்கலாம். அல்லது ஒரே பூச்சிதானோ, பயிர் முற்றினால் கிளம்பிப்போக இறகு வளர்த்துக்கொள்கிறதோ? இனம் இரண்டா, வயல்தான் இரண்டா?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த அம்மாவிடம் போய், "ஒரே ஒரு தூர் பாத்துக்கறேங்க" என்று கெஞ்சினேன்.

"ஆட்சி மாறியாச்சு, எங்க கூலிதான் மாறல. பேச்சு முடியட்டும், வாங்க."

"முடிஞ்சா அறுத்துடுவீங்களே?"

"பின்ன, ஒங்க பூச்சிக்காக விட்டு வைப்போமா?"

பேச்சு சீக்கிரம் முடியவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அடுத்த நிமிடமே, கொஞ்சம் இழுக்கட்டுமே என்றும் தோன்றுகிறது. இதை யாரிடம் சொல்ல?

இப்போது ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள். ஒன்றில் இளநாற்று, மற்றதில் நன்னிலம் பக்கம் வேறொரு வயலிலிருந்து மண்ணோடு பெயர்த்து வந்த முற்றிய தூர். இரண்டையும் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியால் மூடி, மேல்வாயில் மல்துணி கட்டியிருக்கிறேன். நாளைக் காலை இளம்பயிர் வயலுக்குப் போய் உயிரோடு குட்டை இறகுப் பெண்களைப் பிடித்து வந்து இரண்டிலும் முட்டையிட விடவேண்டும். முற்றிய தூரில் வளரும் குஞ்சுகளுக்கு நீள இறகு முளைத்தால் என் புது இனம் அதோடு போயிற்று. முளைக்காவிட்டாலும் அந்தக் குஞ்சுகளில் ஆண் ஒன்று வரும்வரை காத்திருக்கவேண்டும்.